பாறையைப் படித்த வேட்டைக்காரர்

எறும்பூரக் கல்லும் தேயும் என்பது நம் முன்னோர் வாக்கு. சின்னஞ்சிறு எறும்பின் கால் பட்டே கல் தேயுமாயின், நூற்றுக்கணக்கான அடி கனமுள்ள பனிக்கட்டி ஒன்று மலைச்சரிவில் ஊர்ந்து வந்தால் அக்கல் என்ன பாடுபடும்? ஏறக்குறைய இரு நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இந்தக் கேள்விக்கு விடை கண்டார். அவர் பேராசிரியர் அல்லர். கல்லூரி வாசலை மிதித்தவரும் அல்லர். சுவிற்சர்லாந்தின் மலைகளிலே காட்டாடு வேட்டையாடிப் பிழைத்த ஓர் ஏழைக் குடியானவர். கற்றோர் அவர் கூறியதைக் கேட்டு நகைத்தனர். ஆயினும் இன்று உலகின் பாடப்புத்தகங்களில் இருப்பது அவர் கூறியதே. அந்தக் கதையை இவ்வாரம் வாசக நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கதைக்குள் புகுமுன் பனிக்கட்டியாறு என்றால் என்னவென்று சிறிது அறிந்துகொள்ளல் நலம். நுவரெலியாவிலே தை மாதத்து விடியற்காலையில் புல்நுனிகள் உறைபனியால் வெளுத்திருப்பதைக் கண்டவர் நம்மிடையே உளர். ஆனால் அது வெயில் ஏறியதும் மறைந்துவிடும். அல்ப்ஸ் போன்ற உயர்ந்த மலைகளிலோ, மாரியில் விழும் பனி கோடையிலும் முற்றாக உருகுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு பனிமேல் பனி படிகின்றது. மேலுள்ளது அழுத்த, கீழுள்ளது இறுகிக் கட்டியாகின்றது. கனம் மிகுந்ததும் அது தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது சரிவை நோக்கி நகரத் தொடங்குகின்றது. அதுவே பனிக்கட்டியாறு. நீராறு ஓடும், இது ஊரும். கண்ணாற் பார்த்துக்கொண்டிருந்தால் அசைவே தெரியாது. ஆனால் மலைமுகட்டிலிருந்து உடைந்து விழும் பாறைகளை முதுகிற் சுமந்துகொண்டும், அடியில் அகப்பட்ட கற்களால் நிலப்பாறையை அரம்போல் அராவிக்கொண்டும் அது இறங்கிக்கொண்டேயிருக்கும். கீழே வெப்பமான இடத்துக்கு வந்து உருகும்போது சுமந்துவந்த கற்களையெல்லாம் அங்கே இறக்கி வைத்துவிடும்.

ஊருக்கு ஒவ்வாத கற்கள்

அல்ப்ஸ் மலைத்தொடருக்கு எதிரே, சமவெளிக்கு அப்பால், ஜூரா என்றொரு மலைத்தொடர் உண்டு. அது சுண்ணாம்புக்கல்லால் ஆனது. அம்மலைச்சரிவிலே, நியூசாத்தெல் நகருக்கு மேலே, ஒரு வீட்டளவான கருங்கற் பாறை ஒன்று கிடக்கின்றது. சுற்றுமுற்றும் எங்கு தோண்டினும் அந்த வகைக் கருங்கல் அகப்படாது. அதன் பிறப்பிடம் மொன் பிளாங் என்னும் பெருமலைப் பகுதி. இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள மொந்தே என்னும் ஊரிலும் இப்படியொரு பாறை இருக்கின்றது. அதன் உச்சியில் ஒரு சிறு வீடே கட்டப்பட்டுள்ளது என்றால் அதன் பருமனை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இக்கற்கள் எப்படி வந்தன? கற்றோர் பலவாறு கூறினர். திருமறை கூறும் பெருவெள்ளமே இவற்றைப் புரட்டி வந்தது என்றனர் சிலர். சேற்று வெள்ளம் ஒன்று மலையிலிருந்து பாய்ந்து வந்தது என்றனர் வேறு சிலர். கடலில் மிதந்த பனிப்பாறைகள் இவற்றைச் சுமந்துவந்து உருகின என்றனர் பின்வந்தோர். கருத்துகள் வேறுபட்டாலும் ஒன்றில் அனைவரும் ஒத்திருந்தனர்: கல்லைச் சுமந்தது நீரே. ஸ்கொத்லாந்தில் ஜோன் பிளேபயர் என்பார் 1802 இலேயே பனிக்கட்டியாறு இக்கற்களைக் கொணர்ந்திருக்கலாம் என எழுதினார். ஆனால் அந்தக் குரல் எடுபடவில்லை.

குடிசையில் ஓர் இரவு

சுவிற்சர்லாந்தின் பெக்ஸ் என்னும் ஊரில் ஓர் உப்புச் சுரங்கம் உண்டு. பண்டைக்காலக் கடல் வற்றி, அதன் உப்பு பாறைகளுக்கிடையே புதைந்து கிடக்க, அதை மனிதர் மலையைக் குடைந்து எடுக்கின்றனர். அச்சுரங்கத்தின் தலைவராக இருந்தவர் ஜோன் த ஷார்ப்பாந்தியே. ஜேர்மனியிலே, பிறைபேர்க் சுரங்கக் கல்லூரியில், வேர்ணர் என்ற புகழ்பெற்ற ஆசானிடம் கல்லையும் கனிப்பொருளையும் கற்றவர். பாறைகளெல்லாம் ஆதிக்கடலில் படிந்து உண்டானவை என்பது வேர்ணரின் போதனை. அந்தப் பள்ளியில் வளர்ந்தவருக்கு எதிலும் நீரின் கைவண்ணமே தெரிந்ததில் வியப்பில்லை.

1815 இல் ஷார்ப்பாந்தியே வலே மாநிலத்துப் பாஞ் பள்ளத்தாக்கில் பனிக்கட்டியாறுகளைப் பார்க்கச் சென்றார். இரவு தங்குவதற்கு லூர்த்தியே என்னும் சிற்றூரில் ஒரு குடிசை கிடைத்தது. குடிசைக்கு உடையவரே நம் கதாநாயகர், ஜோன் பியேர் பெரோடன். பேச்சு மலைகளைப் பற்றித் திரும்பியது. அப்போது பெரோடன், தம் மலைகளின் பனிக்கட்டியாறுகள் ஒரு காலத்தில் இன்றையிலும் மிகப் பெரியனவாக இருந்தனவென்றும், தாம் வாழும் பள்ளத்தாக்கு முழுவதும் மிக உயரம்வரை பனிக்கட்டியால் நிரம்பியிருந்ததென்றும், அது மார்த்தினி நகர்வரை நீண்டு கிடந்ததென்றும் கூறினார். அதற்குச் சான்றாக, மார்த்தினியைச் சுற்றிக் கிடக்கும் பெரும்பாறைகளைக் காட்டினார். அவை நீர் சுமக்கக்கூடிய பருமனுடையவை அல்ல என்பது அவர் வாதம்.

அவர் கண்ட சான்று இதுமட்டுமன்று. எளிதிற் சிதையாத கடினமான பாறைகளின்மேல், பள்ளத்தாக்கின் நீளவாட்டில், கோடுகளும் கீறல்களும் இருப்பதை அவர் கவனித்திருந்தார். இதே வகைக் கீறல்களை இன்றும் ஊரும் பனிக்கட்டியின் ஓரத்திலே அவர் வேட்டைக்குப் போகும்போதெல்லாம் கண்டார். அங்கே கீறியது எதுவோ அதுவே இங்கேயும் கீறியிருக்க வேண்டும். நேயர்களே, இதில் எந்தச் சாத்திர நூலின் துணையும் இல்லை. காரியத்தைக் கண்டு காரணத்தை உய்த்துணரும் நேர்மையான புத்தி ஒன்றே இருந்தது.

ஷார்ப்பாந்தியே என்ன செய்தார்? மரியாதையுடன் கேட்டார், காலையில் எழுந்து போய்விட்டார். அந்தக் கருத்து ஆராயவும் தகாத அளவுக்கு விபரீதமானது என்றே அன்று எண்ணினார்.

உடைந்த பனி அணை

மூன்றாண்டுகள் கழிந்தன. கீழைத் தீவுகளில் 1815 இல் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசு வானத்தை மறைத்தது. 1816 இல் ஐரோப்பா கோடைகாலத்தையே காணவில்லை. அந்தக் குளிர்ந்த ஆண்டுகளில் அல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியாறுகள் பெருத்தன. பாஞ் பள்ளத்தாக்கின் மேற்பகுதியிலே ஜியெத்ரோ என்னும் பனிக்கட்டியாறு உடைந்து உடைந்து விழுந்து, கீழே ஓடிய திரான்ஸ் ஆற்றை ஓர் அணைபோல் அடைத்துவிட்டது. அதற்குப் பின்னால் நீர் தேங்கி ஏரியாயிற்று. 1818 ஆம் ஆண்டு வசந்தத்தில் அவ்வேரி பல கிலோமீற்றர் நீண்டு நின்றது. பனியணை உடைந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் பாழாகும்.

மாநில அரசின் பொறியியலாளர் இக்னாற்ஸ் வெனெற்ஸ் அனுப்பப்பட்டார். அவர் பனிக்கட்டியினூடே ஒரு சுரங்கவழி வெட்டி நீரைச் சிறிது சிறிதாக வடியவிட முனைந்தார். தலைக்குமேல் எந்நேரமும் பனிப்பாளம் சரியக்கூடிய இடத்திலே தொழிலாளர் இரவு பகலாக வெட்டினர். ஏரியின் நீரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வடிந்துவிட்டது. ஆனால் ஆனி 16 ஆம் நாள் அணை உடைந்தது. வெள்ளம் வீடுகளையும் பாலங்களையும் வாரிக்கொண்டு மார்த்தினி நகரைத் தாக்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் சுரங்கவழி வெட்டப்படாதிருந்தால் அழிவு இதனிலும் பன்மடங்காகியிருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கில் அலைந்த காலத்தில்தான் வெனெற்ஸ் பெரோடனின் வாயால் அந்தப் பழைய கருத்தைக் கேட்டார். வெனெற்ஸ் நகைக்கவில்லை. மலைமலையாகச் சென்று பார்த்தார். இன்றைய பனிக்கட்டியாறுகள் முடியும் இடத்துக்கு வெகு தொலைவுக்குக் கீழேயும், அவை குவித்துவிட்டுப்போன கல்மேடுகள் அப்படியே இருப்பதைக் கண்டார். 1821 இல் இதை ஒரு கட்டுரையாக எழுதினார். அக்கட்டுரை அச்சேறப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

மறுக்கப் புறப்பட்டவர்

1829 இல், சென் பேர்ணார் கணவாயிலுள்ள மடத்தில் சுவிஸ் விஞ்ஞானிகள் சங்கம் கூடிற்று. அங்கே வெனெற்ஸ் ஒருபடி மேலே சென்று, அல்ப்ஸ் மலையை மட்டுமன்றி ஐரோப்பாவின் வடபகுதியையும் முன்னொரு காலத்தில் பனிக்கட்டி மூடியிருந்தது என்று கூறினார். சபையில் எவரும் ஏற்கவில்லை. நண்பர் ஷார்ப்பாந்தியேக்கும் அது பிடிக்கவில்லை. நண்பரின் தவற்றைத் தக்க சான்றுகளுடன் எடுத்துக்காட்டித் திருத்திவிட வேண்டுமென எண்ணி அவர் பாறைகளை ஆராயப் புறப்பட்டார்.

இங்கேதான் அம்மனிதரின் பெருமை விளங்குகின்றது. மறுப்பதற்காகத் தேடியவர், தேடத் தேடத் தம் கட்சியே பொய்யென்று கண்டார். நீரால் உருண்ட கல் மூலை மழுங்கி உருண்டையாகும். இக்கற்களோ கூர்விளிம்பு கெடாதிருந்தன. நீர் சுமந்தால் பெரியது அருகிலும் சிறியது தொலைவிலுமாகத் தரம்பிரித்துப் போடும். இங்கோ பெரிதும் சிறிதும் கலந்து கிடந்தன. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் குடிசையில் கேட்டது அவர் நினைவுக்கு வந்திராமலா இருக்கும்?

1834 இல் அவர் லூசேர்ன் நகரில் தம் புதிய முடிவை வாசிக்கச் சென்றுகொண்டிருந்தார். வழியில், புருனிக் கணவாயருகே, ஒரு கருங்கற் பாறையை நின்று பார்த்தார். அவ்வழியே வந்த மைரிங்கன் ஊர் மரவெட்டி ஒருவர், இக்கல் இவ்விடத்ததன்று, கிரிம்செல் மலையிலிருந்து வந்தது என்றார். எப்படி வந்தது என்று ஷார்ப்பாந்தியே கேட்டார். கிரிம்செல் பனிக்கட்டியாறுதான் கொண்டுவந்தது, முன்னாளில் அது பேர்ண் நகர்வரை நீண்டிருந்தது என்று மரவெட்டி சர்வசாதாரணமாகக் கூறினார். நீர் கொண்டுவந்திருந்தால் இடையிலுள்ள ஏரிகளையெல்லாம் அல்லவா முதலில் நிரப்பியிருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். தம் சட்டைப்பையில் இதே கருத்தைத் தாங்கிய கட்டுரையுடன் நின்ற விஞ்ஞானிக்கு மகிழ்ச்சி தாளவில்லை. பழைய கிரிம்செல் பனிக்கட்டியாற்றின் நினைவாக ஒரு கிண்ணம் அருந்துமாறு மரவெட்டியின் கையில் காசு கொடுத்துவிட்டுச் சென்றார். லூசேர்னில் கூடியிருந்த அறிஞர்களோ அம்மரவெட்டி அறிந்ததை நம்ப மறுத்தனர்.

மீன் பேராசிரியரும் பனிக்காலமும்

1836 ஆம் ஆண்டுக் கோடையில் லூயி அகாசி என்னும் இளம் பேராசிரியர் பெக்ஸில் ஷார்ப்பாந்தியேயின் விருந்தினராகத் தங்கினார். பாறைக்குள் கல்லாய்ச் சமைந்த மீன்களின் உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்து, பெரும்புகழ் ஈட்டியவர் அவர். அவரும் மறுப்பதற்கென்றே வந்தார். அவரும் மலைகளைப் பார்த்து மனம் மாறினார். 1837 ஆடி 24 இல் நியூசாத்தெலில் சுவிஸ் விஞ்ஞானிகள் சங்கத்தின் முன் தலைமையுரை ஆற்ற எழுந்தார். மீன்களைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்த சபையின் முன், உலகில் ஒரு பெரும் பனிக்காலம் இருந்தது என்று முழங்கினார். சபை கொதித்தது. மீன் ஆராய்ச்சிக்கே திரும்பிவிடுமாறு பேரறிஞர் ஹம்போல்ற் அவருக்குக் கடிதம் எழுதினார்.

அகாசி அஞ்சவில்லை. அல்ப்ஸ் மலையின் ஊன்ரரார் பனிக்கட்டியாற்றின்மேல் ஒரு பெரும்பாறையின் நிழலிலே குடிலமைத்துத் தங்கி ஆராய்ந்தார். அதே பனிக்கட்டியின்மேல் ஹூகி என்பவர் 1827 இல் ஒரு குடிசை கட்டியிருந்தார். 1841 இல் அளந்தபோது அது கட்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே வந்திருந்தது. வேறென்ன சான்று வேண்டும்? ஆண்டுக்கு நூறு மீற்றர் வீதம் அக்குடிசையை எவரும் இழுக்கவில்லை. பனியே சுமந்து வந்தது.

1840 இல் அகாசி ஸ்கொத்லாந்துக்குச் சென்றார். அங்கே கிளென் ரோய் என்னும் பள்ளத்தாக்கின் இருமருங்கும், வீதி வெட்டியதுபோல் மட்டமான கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செல்கின்றன. சாள்ஸ் டார்வின் 1839 இல் அவற்றைப் பண்டைக் கடற்கரைகள் என எழுதியிருந்தார். அகாசியோ, பனிக்கட்டியாறு ஒன்று பள்ளத்தாக்கை அடைத்ததால் தேங்கிய ஏரியின் கரைகளே இவை என்றார். ஜியெத்ரோவில் 1818 இல் மக்கள் கண்ணீருடன் கண்ட அதே காட்சியன்றோ இது! டார்வின் இருபதாண்டுகளுக்கு மேல் தம் கருத்தை விடவில்லை. 1861 இல் தம் கட்டுரை முழுவதும் பெரும்பிழையென ஒப்புக்கொண்டார்.

ஆயினும் அகாசியின் சரித்திரம் முழுவதும் ஒளியுடையதன்று. பனிக்காலம் என்னும் பெயரையே ஆக்கிய நண்பர் கார்ல் சிம்பரின் பங்கைத் தம் நூலில் மறைத்தார். ஷார்ப்பாந்தியே பல்லாண்டு உழைத்து எழுதிய நூல் 1841 இல் வெளிவருமுன், 1840 இலேயே தம் நூலை வெளியிட்டார். அதை வெனெற்ஸுக்கும் ஷார்ப்பாந்தியேக்கும் சமர்ப்பணம் செய்தும் மூத்தவரின் மனப்புண் ஆறவில்லை. 1846 இல் அமெரிக்கா சென்றபின், மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவையென்றும் அவற்றுள் உயர்வு தாழ்வு உண்டென்றும் போதித்தார். கல்லின் கீறலை அத்துணை நுணுக்கமாகப் படித்த கண், சக மனிதனைப் பார்க்கும்போது குருடாயிற்று. 2018 இல் நியூசாத்தெல் நகரம் அவர் பெயர் தாங்கிய சதுக்கத்துக்கு வேறு பெயரிடத் தீர்மானித்தது.

நம் கடலும் அந்தப் பனியும்

பனியே காணாத நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நேயர் சிலர் கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. இற்றைக்கு ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது, கடல்நீரில் ஒரு பங்கு பனிக்கட்டியாகிக் கண்டங்களின்மேல் அடுக்கப்பட்டிருந்தது. அதனால் உலகெங்கும் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கடலின் ஆழம் அதிலே ஒரு சிறு பங்குதான். அன்று அங்கே கடல் இல்லை, தரையே இருந்தது. மனிதரும் விலங்குகளும் கால் நனையாமலே வரவும் போகவும் இயன்றது. பனி உருகியது, கடல் ஏறியது, நம் நாடு தீவாயிற்று. லூர்த்தியேக் குடிசையில் தொடங்கிய பேச்சு, ஈற்றில் நம் வீட்டு வாசலில் வந்து முடிகின்றது.

கேட்ட செவியின் சிறப்பு

அந்தப் பனிக்கட்டியாறுகள் இன்று வேகமாகத் தேய்ந்துவருகின்றன. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிற்சர்லாந்தின் பனிக்கட்டியில் பத்திலொரு பங்கு உருகிவிட்டது. 2025 மே 28 இல், அதே வலே மாநிலத்தில், மலைப்பாறைகள் இடிந்து விழுந்த பாரத்தால் பேர்ச் என்னும் பனிக்கட்டியாறு சரிந்து, பிளாற்றன் என்னும் கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்துவிட்டது. ஓருயிர் போயிற்று. ஆனால் மலையின் அசைவைக் கண்காணித்தவர்கள் சில நாட்களுக்கு முன்பே எச்சரித்தமையாலும், அவ்வெச்சரிக்கை கேட்கப்பட்டமையாலும், அங்கு வாழ்ந்த முந்நூறு பேரளவினர் ஏற்கெனவே வெளியேறியிருந்தனர். மலையைப் பார்க்கும் கண்ணும், பார்த்தவன் சொல்லைக் கேட்கும் செவியும் சேர்ந்தபோது ஓர் ஊர்மக்கள் பிழைத்தனர்.

1841 இல் வெளிவந்த தம் நூலிலே ஷார்ப்பாந்தியே ஒரு காரியம் செய்தார். வேட்டைக்காரர் பெரோடனின் பெயரையும், அவர் அன்றிரவு கூறியதையும், அதைத் தாம் பொருட்படுத்தாமல் விட்டதையும் ஒளிக்காமல் எழுதினார். மரவெட்டியின் கதையையும் எழுதினார். எழுதாமல் விட்டிருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். அந்த ஏழை மலைவாசியின் பெயரும் பனிபோல் உருகிப் போயிருக்கும். முதலில் கேட்கத் தவறிய செவிதான் அவருடையது. ஆனால் தவறினேன் என்று எழுதிய கையும் அவருடையதே. எத்தனை அறிஞருக்கு அந்தக் கை வாய்க்கும்?

நேயர்களே, நம் வீடுகளிலும் ஒரு பெரோடன் இருக்கலாம். எந்தக் காற்றுக்குக் கடல் எப்படிக் குமுறும் என்று கூறும் கரையோரத்து முதியவராக அவர் இருக்கலாம். குளக்கட்டின் ஈரத்தைக் கண்டு, இவ்விடம் உடைக்கும் என்று கூறும் வன்னிக் கமக்காரராக இருக்கலாம். திண்ணையிலிருந்து அப்பு ஏதோ சொல்கிறார் என்று பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகின்றனர். அவர் சொல்வதெல்லாம் சரியென்று நாம் கூறவில்லை. ஷார்ப்பாந்தியேயைப்போல் போய்ப் பாறையைப் பார்த்துச் சோதித்தபின் ஏற்பதே முறை. ஆனால் சோதிப்பதற்கு முன்பே நகைத்துவிட்டால், பதினான்கு ஆண்டுகள் வீணாகும்.